பட்டியில் நீளும் வாழ்வு

பள்ளிவாசல்துறைத் தென்னந்தோப்புகளில் மாடுகள் மேயக் காணுந்தோறும், கடலுக்கப்பால் கொங்கு நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒருவரை யான் நினைப்பதுண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியாரே அவர். நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்துக் காங்கேயம் மாட்டினத்தைச் செம்மை செய்தவர். செந்நிறக் கன்றாய்ப் பிறந்து, ஆறு திங்களில் சாம்பல் நிறமுறும் அம்மாடுகள், வறண்ட நிலத்து உழவருக்கு ஏரிழுத்தன, வண்டியிழுத்தன, கவலையேற்றத்தில் கிணற்று நீரும் இறைத்தன. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும் வளரும் கொறங்காடே அவற்றின் தாய்வீடு.

உழவு இயந்திரம் வந்தபின் காளையின் தேவை குறைந்தது; கொறங்காடும் சுருங்கி வருகின்றது. ஒரு குடும்பம் பேணிய பட்டி ஊர்ச் செல்வமாயிற்று. அதிலேதான் அவர் வாழ்வு நீள்கின்றது. நம் துறையில் கன்றின் கயிற்றைப் பிடித்துச் செல்லும் சிறுவனுக்கு, அது மேயும் நிலத்தையும் நாம் விட்டுச்செல்வோமா?