நோன்பில் நிற்கும் சிகரெட் இஃப்தாருக்குப் பின் ஏன் திரும்புகிறது?



பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, கூடவே ஒரு வடை. மஃரிப் ஜமாஅத்தில் சலாம் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது; பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் நான்கைந்து பேர் நின்று சிகரெட் பற்றவைப்பார்கள். ரமளான் மாதத்தில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் நம் ஊர்களில் குறைவு.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் நம் அத்தா இருக்கலாம், அண்ணன் இருக்கலாம், மச்சான் இருக்கலாம். நாம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். ஸஹர் முடிந்ததிலிருந்து சுமார் பதின்மூன்றரை மணி நேரம் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாமல் இருந்த அதே மனிதரால், இஃப்தாருக்குப் பின் பத்து நிமிடம் ஏன் பொறுக்க முடியவில்லை? "என்னால் விடவே முடியாது" என்று மற்ற பதினொரு மாதமும் சொல்கிறவர், ரமளானில் தினமும் விடத்தானே செய்கிறார்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் புகைப்பழக்கத்தை விடும் வழியும் இருக்கிறது.

நிகோடின் செய்யும் வேலை

புகையிலையில் இயற்கையாகவே இருக்கும் ஒரு பொருள் நிகோடின். சிகரெட்டை இழுத்ததும் அது நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து 10 முதல் 20 வினாடிகளுக்குள் மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. நல்ல சாப்பாடு, குழந்தையின் சிரிப்பு போன்றவற்றால் மனதுக்குக் கிடைக்கும் இதமும் இந்த டோபமைனால்தான் வருகிறது. உழைப்பு எதுவும் இல்லாமல் அதே இதம் கிடைப்பதால் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது.

தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் நிகோடினை ஏற்கும் இடங்கள் பெருகிவிடுகின்றன. பிறகு நிகோடின் இல்லாவிட்டால் அவை ஏங்கத் தொடங்கும். இரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, கவனமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் வரும். அப்போது ஒரு சிகரெட் குடித்தால் அடங்கும். "டென்ஷனைக் குறைக்கத்தான் குடிக்கிறேன்" என்று பலர் சொல்வது இதைத்தான். உண்மையில், அந்த டென்ஷனில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் கொண்டு வந்தது. கடனை அடைக்க மேலும் கடன் வாங்குவதைப் போன்றது இது.

முப்பது முறை முதல் நாள்

இப்போது நோன்பாளியின் உடலைப் பாருங்கள். ஸஹருக்குப் பின் நிகோடின் இரண்டு மணிக்கு ஒருமுறை பாதி பாதியாகக் குறைந்து, மஃரிப் நேரத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சியிருக்கும். இரத்தத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சுமார் 12 மணி நேரத்தில் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, ஒவ்வொரு நாளும் இஃப்தார் நேரத்தில் அவருடைய உடல் விடுதலையின் வாசலில் வந்து நிற்கிறது.

புகையை விடும்போது வரும் தொல்லைகள் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். அதன்பின் படிப்படியாகக் குறைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நம் சகோதரர் ஒவ்வொரு இரவும் மறுபடியும் புகைத்து, மறுநாள் காலையில் முதலிலிருந்து தொடங்குகிறார். கஷ்டமான அந்த முதல் நாளை மாதம் முழுக்க முப்பது முறை அனுபவிக்கிறார்; நான்காவது நாளைப் பார்ப்பதே இல்லை. அந்த இரவுகளிலும் தொடாமல் இருந்திருந்தால், பட்ட கஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கிலேயே கடினமான கட்டத்தைத் தாண்டியிருப்பார்.

பகலில் மட்டும் எப்படி முடிகிறது? "நோன்பு முறிந்துவிடும், கூடாது" என்று மனம் உறுதியாக முடிவு செய்துவிட்டது. "ஒன்று மட்டும்" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நிய்யத்தின் வலிமை அதுதான். அதே நிய்யத்தை இரவுக்கும் நீட்டுவதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

ஒரு சிகரெட்டின் புகையில் என்ன இருக்கிறது?

அடிமையாக்குவது நிகோடின் என்றால், உயிரை வாங்குவதில் பெரும்பங்கு கூடவே வரும் புகைக்கு உண்டு. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 60-க்கும் மேற்பட்டவை புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஆர்சனிக், காட்மியம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கார்பன் மோனாக்சைடோ, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது.

நுரையீரல் புற்றுநோய் மட்டுமல்ல. வாய், தொண்டை, உணவுக்குழாய், கணையம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கும் புகை காரணமாகிறது. மாரடைப்பு, பக்கவாதம், மூச்சுத்திணறலில் கொண்டுவிடும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆண்மைக் குறைவு, கண்புரை என்று பட்டியல் நீளும். நம் குடும்பங்களில் அதிகமாகக் காணும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் புகைத்தால், கால் இரத்தக்குழாய் அடைத்து விரலை, காலை எடுக்கும் நிலை வர வாய்ப்பு அதிகம்.

பிரிட்டனில் 1951-ல் தொடங்கி 50 ஆண்டுகள் மருத்துவர்களையே தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு நடந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தார்கள் என்று 2004-ல் அது காட்டியது. ஆய்வை நடத்திய ரிச்சர்ட் டால் முன்பு தானும் புகைத்தவர்தான். தன் ஆரம்பகால ஆய்வின் முடிவுகளைக் கண்டதும் விட்டுவிட்டார். அதே ஆய்வு ஒரு நற்செய்தியையும் சொன்னது: 30 வயதில் விட்டவர்கள் அந்த 10 ஆண்டுகளையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். 40-ல் விட்டவர்கள் 9 ஆண்டுகளையும், 50-ல் விட்டவர்கள் 6 ஆண்டுகளையும், 60-ல் விட்டவர்கள் 3 ஆண்டுகளையும் மீட்டார்கள். "இத்தனை வருஷம் குடிச்சாச்சு, இனி விட்டு என்ன ஆகப் போகுது" என்று சொல்லும் பெரியவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா?

பீடி, ஷீஷா, இ-சிகரெட்

"நான் சிகரெட் இல்லை, பீடிதான்" என்பார்கள் சிலர். பீடிப் புகையில் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை சிகரெட்டைவிட அதிகம். அணைந்து அணைந்து போவதால் ஆழமாக இழுக்கவும் வேண்டியிருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் இளைஞர்கள் சிலர் அங்கே ஷீஷாவைப் பழகிக்கொள்கிறார்கள். பழ வாசனையும் தண்ணீர்க் குடுவையும் பார்த்தால் தீங்கு இல்லாததுபோல் தோன்றும். தண்ணீர் புகையைக் குளிரச் செய்யுமே தவிர நஞ்சை நீக்காது. ஒரு மணி நேரம் ஷீஷா இழுப்பவர், ஒரு சிகரெட்டில் இழுப்பதைப்போல நூறு மடங்குக்கும் மேலான புகையை உள்ளே வாங்குகிறார். இ-சிகரெட்டிலும் பெரும்பாலும் நிகோடின் உண்டு. இந்தியாவில் அதன் தயாரிப்பும் விற்பனையும் 2019-லேயே சட்டப்படி தடை செய்யப்பட்டுவிட்டன.

பீடியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலப்பாளையம், பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் நம் தாய்மார்கள் பலர் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறுவதால் அவர்களுக்கும் இருமலும் மூச்சிரைப்பும் வருகின்றன. அவர்களுக்கு வேறு கண்ணியமான வருமானத்தைத் தேடித் தருவதும் சமுதாயத்தின் கடமைதான்.

குடிக்காதவர்களும் பாதிக்கப்படுகிறார்கள்

உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் புகையிலையால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் ஒருநாளும் புகைக்காதவர்கள். மற்றவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள். வீட்டில் புகைத்தால் குழந்தைக்கு ஆஸ்துமா, நெஞ்சுச் சளி, காதில் சீழ் போன்றவை அதிகம் வருகின்றன. கர்ப்பிணி மனைவி அந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கக்கூடும். பால்கனியில் நின்று குடித்தாலும் கதவிடுக்கு வழியே புகை உள்ளே வரும். சட்டையிலும் தாடியிலும் படிந்ததோடுதான் பிள்ளையைத் தூக்குகிறோம். கடைக்குப் போய் சிகரெட் வாங்கி வரச் சொல்லி மகனை அனுப்பும் தந்தை, அவனுக்கு முதல் பாடத்தைத் தானே நடத்துகிறார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அரபு நாட்டில் புகையிலை கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதனால்தான் முற்கால அறிஞர்களிடையே மக்ரூஹ், ஹராம் என்று கருத்து வேறுபாடு இருந்தது. கேடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பின் இக்கால அறிஞர்களில் மிகப் பலர் ஹராம் என்றே கூறுகிறார்கள். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்வதையும், நம்மை நாமே கொன்றுகொள்வதையும், வீண் விரயத்தையும் திருக்குர்ஆன் தடுத்திருக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது நபிமொழி. வெங்காயமும் பூண்டும் ஹலாலான உணவு. அவற்றைப் பச்சையாகத் தின்ற வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்றால், சிகரெட் வாடையோடு தராவீஹ் ஸஃப்பில் நிற்பதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

விரயத்தையும் கணக்குப் போடுவோம். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளைக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 54,750 ரூபாய். இரண்டு ஆண்டுப் பணத்தைச் சேர்த்தால் ஒருவர் உம்ரா செய்துவிட்டு வரலாம்.

விடுவதற்குச் சில வழிகள்

* தேதி குறியுங்கள். ரமளான் முதல் பிறை மிகச் சிறந்த தேதி. அடுத்த ரமளான் வரை காத்திருக்கவும் வேண்டாம். திங்கள், வியாழன் நோன்பிலும் தொடங்கலாம்.
* ஆபத்தான நேரம் இஃப்தாருக்குப் பிந்தைய ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் தனியாக நிற்காதீர்கள். டீக்கடைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு வந்து பிள்ளைகளோடு உட்காருங்கள்.
* ஏக்கம் வந்தால் சில நிமிடங்களில் தானாகத் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர் குடியுங்கள், மிஸ்வாக் செய்யுங்கள், ஒளுச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள்.
* மருத்துவ உதவி கேட்பது பலவீனம் அல்ல. நிகோடின் சூயிங் கம், தோலில் ஒட்டும் பட்டை, மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகள் இருக்கின்றன. கம்மை நோன்பு நேரத்தில் பயன்படுத்த முடியாது, இரவில் பயன்படுத்தலாம். அரசின் இலவச ஆலோசனைத் தொலைபேசி எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.
* தவறி ஒன்று குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பலர் பல முறை முயன்ற பின்தான் விட்டிருக்கிறார்கள். தவ்பாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விட்ட முதல் வாரத்தில் அவர் எரிந்து விழுவார். அது நிகோடின் பேசும் பேச்சு. குத்திக்காட்டாமல் பொறுத்துக்கொள்ளுங்கள், துஆ செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளும் ஒன்று செய்யலாம். பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போது பீடி, சிகரெட் விற்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருட்கள் விற்பதை 2003-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. அல்லாஹ்வின் இல்லத்தின் வருமானத்துக்கு நாம் அதைவிடக் குறைந்த அளவுகோலையா வைப்பது?

பகல் முழுக்க யாரும் பார்க்காத அறையிலும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தது அல்லாஹ் பார்க்கிறான் என்பதற்காகத்தானே? அவன் இரவிலும் பார்க்கிறான். நம் அத்தாமார்களும் சகோதரர்களும் அந்த நான்காவது நாளைக் காண, வல்ல அல்லாஹ் உதவி செய்வானாக. ஆமீன்.