நட்சத்திரம் மோதாத மோதல்

சித்திரை, வைகாசி மாதங்களில் இரவு பத்து மணி வாக்கில் சாணார்பட்டியில் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே அண்ணாந்து பார்த்தால் அஸ்த நட்சத்திரக் கூட்டம் தெரியும். திண்டுக்கல் நகரத்து வெளிச்சம் மேற்கே ஒதுங்கிவிடுவதால் தெற்கு வானம் ஓரளவு இருட்டாகவே இருக்கும். அந்தக் கூட்டத்துக்குச் சற்று மேற்கே, வெறும் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில், இரண்டு சுருள் விண்மீன் மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டிருக்கின்றன. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் மங்கலான புகைத்திட்டாகத் தெரியும். 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆன்டெனா மண்டலங்கள் என்று பெயர். தூரம் ஆறேழு கோடி ஒளியாண்டு.

பூச்சியின் உணர்கொம்புபோல் இரண்டு நீண்ட வால்கள் இருப்பதால் வந்த பெயர் அது. வால் எப்படி முளைத்தது? நிலா நம் கடலை ஏறவும் வற்றவும் வைக்கிறதே, அதே கணக்குத்தான். கிட்டத்தில் இருக்கும் பக்கத்தை ஈர்ப்பு அதிகம் இழுக்கும், எட்டத்துப் பக்கத்தைக் குறைவாக இழுக்கும். சுழலும் தட்டு அந்த வித்தியாசத்தில் பிய்ந்து, எட்டத்துப் பக்கம் வாலாக நீள்கிறது. 1972-இல் அலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் சில நூறு புள்ளிகளை மட்டும் வைத்துக் கணினியில் இதைப் போட்டுக் காட்டினார்கள். அதுவரை ஈர்ப்பு மட்டுமே இதைச் செய்யுமா என்று பலருக்குச் சந்தேகம்.

மோதல் என்கிறோம், ஆனால் நட்சத்திரங்கள் முட்டிக்கொள்வது அநேகமாக இல்லை. சூரியனைச் சாணார்பட்டியில் கிடக்கும் ஒரு புளியங்கொட்டை என்று வைத்தால், அடுத்த கொட்டை புதுச்சேரிக்கும் அப்பால். தப்பிக்க முடியாதவை வாயு மேகங்கள்தாம். அவை நெருக்குண்டு, புது நட்சத்திரங்களைக் கொத்துக்கொத்தாகப் பிறப்பிக்கின்றன. ஹபிள் தொலைநோக்கி இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளங்கொத்துகளைக் கண்டது.

  

நம் பால்வெளிக்கும் இதே கதி என்று பல காலம் அடித்துச் சொன்னார்கள். அண்டை மண்டலமான ஆண்ட்ரோமெடா நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருவது உண்மை. ஆனால் 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளில் இரண்டும் கலக்க வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்கிறது. பக்கத்திலுள்ள பெரிய மெகல்லன் மேகம் என்னும் சிறு மண்டலத்தின் இழுப்பு பால்வெளியைச் சற்றே விலக்கிவிடுகிறது. எம் 33 என்னும் சிறு சுருள் மண்டலத்தின் இழுப்போ இரண்டையும் நெருங்க வைக்கிறது.