தொடர்பு அறுந்தாலும் தொலையாத செய்தி

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடலைச் சேர்கிறது. வழியில் மணிமுத்தாறும் கடனா நதியும் வந்து கலக்கின்றன. சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதையும் தாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில் கரையோரம் இருக்கிறது ஏரல். மேலே எந்த அணையைத் திறந்தாலும், எந்த ஓடை பெருகினாலும், அந்தத் தண்ணீர் ஏரலைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. மலையில் மட்டுமல்லாமல் சமவெளியிலும் கொட்டித் தீர்த்ததால் அணைகளின் நீர்மட்டத்தை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க வழியில்லாமல் போனது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், முன்னால் தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துப்போன தகவல் கிடைத்ததால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பயணிகளுடன் வந்த ரயிலை உரிய நேரத்தில் வந்த ஒரு தகவல் காப்பாற்றியது. அதே நேரம் ஏரலும் சுற்றுவட்டாரமும் சாலை, மின்சாரம், செல்போன் எல்லாம் அறுந்து தனித்துக் கிடந்தன. அங்கே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியவில்லை.

அணை, குளம், மழைமானி, பாலம் என நூறு இடங்களில் நடப்பதை நடந்த கையோடு திரட்டி, வேண்டியவர்களுக்கெல்லாம் கொண்டுசேர்க்கும் மென்பொருள் முறை ஒன்று உண்டு. அதை நிகழ்வோடை எனலாம். மென்பொருள் துறையில் ஈவன்ட் ஸ்ட்ரீமிங் என்பார்கள். இன்று அந்த ஓடையை இணையம் வழியே வாடகைக்கு எடுக்கலாம். அதோடு பேசும் செயலிகளை எழுதுவதுதான் நம் வேலை. தாமிரபரணிக்கு அப்படியொரு ஏற்பாட்டைச் செய்வதாக வைத்துக்கொண்டு, அந்தச் செயலிகளை எப்படி எழுத வேண்டும் என்று பார்ப்போம்.

சிட்டையும் பேரேடும்

ஏரல் வியாபாரம் நடக்கும் ஊர். பழைய முறையில் கணக்கு எழுதியவர்களுக்குச் சிட்டை தெரிந்திருக்கும். வரவோ செலவோ, நடந்த வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போவது சிட்டை. அதை ஆள்வாரியாகப் பிரித்து, இன்றைக்கு யாரிடம் எவ்வளவு பாக்கி என்று காட்டுவது பேரேடு. பேரேடு நனைந்து போனாலும் சிட்டையைப் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம். சிட்டை போய்விட்டால் பாக்கித் தொகை மட்டும் மிஞ்சும். அது எப்படி வந்தது என்று தெரியாது.

நாம் பழகிய டேட்டாபேஸ் பேரேடு போன்றது. 'மணிமுத்தாறு நீர்மட்டம் இப்போது இத்தனை அடி' என்பதே அதில் இருக்கும். புது அளவு வந்ததும் பழையது அழியும். நிகழ்வோடை சிட்டை போன்றது. காலை 6 மணிக்கு எவ்வளவு, 6.15க்கு எவ்வளவு என்று வரிகள் சேர்ந்துகொண்டே போகும். எழுதியதை யாரும் திருத்துவதில்லை. நீர்வளத்துறை அலுவலகத்துத் திரை ஒன்று, எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்று, ஆய்வு மாணவரின் நிரல் ஒன்று என எத்தனை பேர் வேண்டுமானாலும் அதே வரிகளை அவரவர் வேகத்தில் படிக்கலாம். நாளைக்குப் புதிதாக ஒரு குளத்தில் கருவி வைத்தாலும் ஏற்கெனவே படிப்பவர்களின் செயலியை மாற்ற வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்த பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஓட்டி, எந்த நேரத்தில் எச்சரித்திருக்கலாம் என்று சோதித்துப் பார்க்கலாம்.

இந்த முறையைப் பரவலாக்கியது அப்பாச்சி காஃப்கா. லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், நேகா நார்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கி, 2011இல் அனைவருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் பெயரை வைத்தார்கள். 2014இல் அந்த மூவரும் கான்ஃப்ளுவன்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காஃப்காவைத் தாங்களே நடத்திக் கொடுக்கும் சேவை அந்த நிறுவனத்திடம் இருக்கிறது, அமேசானிடமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஈவன்ட் ஹப்ஸும் காஃப்கா பேசும் அதே நெறிமுறையைப் புரிந்துகொள்கிறது.

வாடகைக்கு எடுப்பதில் லாபம் பெரிது. சர்வர் வாங்குவது, பழுதுபார்ப்பது, ஒவ்வொரு வரியையும் பொதுவாக மூன்று நகலாகத் தனித்தனி இயந்திரங்களில் வைப்பது எல்லாம் சேவை தருபவர்கள் பொறுப்பு. தரவு மையம் சென்னையிலோ மும்பையிலோ இருப்பதால் ஏரலில் வெள்ளம் வந்தாலும் அங்கே எழுதியவை பத்திரமாக இருக்கும். ஆனால் எழுதும் முனை ஆற்றங்கரையில்தான் இருக்க வேண்டும். அந்த முனைக்கு நாம்தான் பொறுப்பு.

அனுப்பும் முனை

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்று, சூரியத் தகடு, சிம் போட்ட சிறிய கணினி. கால் மணிக்கு ஒருமுறை அளவை ஓடைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் செயலியைப் புரொடியூசர் என்பார்கள். இதை முழுதாக நாம் எழுத வேண்டியதில்லை. ஜாவா, பைத்தான், கோ என்று ஒவ்வொரு மொழிக்கும் ஆயத்த நூலகங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து வரியில் முதல் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு வரும் தீர்மானங்களில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, வரிசை. ஓடையின் ஒவ்வொரு தலைப்பையும் டாபிக் என்பார்கள். ஒரு டாபிக் பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கும். வரிசை மாறாது என்ற உத்தரவாதம் ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உண்டு. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் கருவியின் எண்ணைச் சாவியாகக் கொடுக்க வேண்டும். ஒரே சாவி உள்ள செய்திகள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும். நீர்மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது குழம்பாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சாவியைப் பார்ட்டிஷனாக மாற்ற ஜாவா நூலகம் மர்மர்2 என்ற கணக்கைப் பயன்படுத்துகிறது. பைத்தான் போன்ற மொழிகளின் பல நூலகங்களுக்கு அடித்தளமாக இருக்கும் லிப்ஆர்டிகாஃப்கா இயல்பாக சிஆர்சி32 கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒரே கருவிக்காக இரண்டு மொழிச் செயலிகள் எழுதினால் செய்திகள் இரண்டு பார்ட்டிஷன்களில் சிதறலாம். எல்லாச் செயலியிலும் ஒரே கணக்கு என்று முன்கூட்டியே அமைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒப்புதல். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்குச் சர்வர் தரும் ஒப்புதலை எந்தக் கட்டத்தில் ஏற்பது என்று நாம் சொல்லலாம். நகல் வைத்திருக்கும் இயந்திரங்களில் அப்போது பின்தங்காமல் இருப்பவை எல்லாம் எழுதி முடித்த பிறகே தர வேண்டும் என்பது பாதுகாப்பான தேர்வு. 2021இல் வந்த காஃப்கா 3.0 முதல் ஜாவா நூலகத்தில் இதுவே இயல்பு அமைப்பு. ஒப்புதல் வழியில் தொலைந்தால் நூலகம் அதே செய்தியை மறுபடி அனுப்பும். அப்போது இரட்டிப்பாகப் பதியாமல் தடுக்கும் வசதியும் அதனுடன் சேர்ந்தே வருகிறது.

மூன்றாவது, ஏரலுக்கு மிக முக்கியமானது: தொடர்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? நூலகம் செய்திகளைக் கணினியின் நினைவகத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். எவ்வளவு நேரம்? ஜாவா நூலகத்தில் இயல்பு அமைப்பு 2 நிமிடம். லிப்ஆர்டிகாஃப்காவில் 5 நிமிடம். அதற்குமேல் ஆனால் தோல்வி என்று செயலியிடம் சொல்லிவிட்டுச் செய்தியைக் கைவிட்டுவிடும். நல்ல மின்சாரமும் இணையமும் உள்ள தரவு மையத்துக்கு 2 நிமிடம் தாராளம். 2023 டிசம்பரில் நாள்கணக்கில் அறுந்து கிடந்த ஊருக்கு 2 நிமிடம் ஒன்றுமே இல்லை. அந்த நாள்களின் அளவுகள் ஒன்று விடாமல் காற்றில் போயிருக்கும்.

இதற்கு வழி எளியது. அளந்ததும் முதலில் கருவியோடு இருக்கும் மெமரி கார்டில், எஸ்க்யூலைட் போன்ற சிறிய டேட்டாபேஸில் எழுதிவிட வேண்டும். பிறகு அனுப்ப வேண்டும். ஒப்புதல் வந்த பிறகே 'போய்விட்டது' என்று குறிக்க வேண்டும். கால் மணிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 96 அளவுகள். ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்தாலும் நாளுக்கு 20 கிலோபைட்கூட ஆகாது. ஓராண்டுக்கு ஏழு மெகாபைட் போதும். இவ்வளவு சிறிய இடத்தை ஒதுக்காததற்காக ஒரு வெள்ளத்தின் வரலாற்றை இழக்கக் கூடாது.

கணினி நின்று மறுபடி எழுந்தால் நூலகத்தின் இரட்டிப்புத் தடுப்பு முந்தைய ஓட்டத்தில் அனுப்பியதை அறியாது. அதனால் ஒவ்வொரு அளவுக்கும் நாமே ஒரு வரிசை எண் கொடுக்க வேண்டும். கருவி எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றாக இருந்தால் அது ஒரே செய்திதான் என்று படிப்பவர் ஒதுக்கிவிடலாம்.

படிக்கும் முனை

படிக்கும் செயலிக்குக் கன்ஸ்யூமர் என்று பெயர். ஒவ்வொரு வரிக்கும் ஆஃப்செட் எனப்படும் எண் உண்டு. 'இதுவரை படித்துவிட்டேன்' என்று அந்த எண்ணைச் செயலி சேவையிடம் பதிந்து வைக்கும். நின்று எழுந்தால் அங்கிருந்து தொடரும். இயல்பு அமைப்பில் நூலகம் ஐந்து நொடிக்கு ஒருமுறை தானாகவே இதைப் பதிகிறது. வாங்கிய செய்தியைச் செயலி வேறொரு பக்கம் வேலைக்குக் கொடுத்திருக்கும்போதே பதிவு நடந்து, வேலை முடியுமுன் செயலி நின்றால் அந்த எச்சரிக்கை யாருக்கும் போகாது. உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் தானியங்கிப் பதிவை நிறுத்திவிட்டு, எச்சரிக்கையை அனுப்பி முடித்த பிறகே பதிய வேண்டும். இப்படிச் செய்தால் எப்போதாவது ஒரே எச்சரிக்கை இரண்டு முறை போகலாம். போகாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

புதிதாகச் சேரும் செயலி எங்கிருந்து தொடங்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் அது சேர்ந்த பிறகு வருவதை மட்டும் படிக்கும். அதற்கு முந்தைய மணி நேரங்களில் ஆறு எப்படி ஏறியது என்பது அதற்குத் தெரியாது. அதேபோல், காஃப்காவின் இயல்பு அமைப்பில் வரிகள் ஏழு நாள்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஆராய வேண்டிய ஆற்றுக்கு இதை நீட்டிக்க வேண்டும், அல்லது வேறிடத்தில் சேமிக்க வேண்டும்.

இப்போது அனுப்பும் முனையில் நாம் செய்த ஏற்பாட்டின் மறுபக்கத்தைப் பாருங்கள். இரண்டு நாள் அறுந்திருந்த தொடர்பு திரும்பியதும், மெமரி கார்டில் இருந்த அத்தனை அளவுகளும் மளமளவென்று ஓடைக்குள் வரும். அவற்றில் 'அபாய அளவைத் தாண்டியது' என்ற வரியும் இருக்கும். படிக்கும் செயலி அதை இப்போதைய நிலை என்று எடுத்துக்கொண்டால், வெள்ளம் வடிந்து வீட்டைக் கழுவிக்கொண்டிருக்கும் மக்களுக்கு மறுபடி எச்சரிக்கை போகும். அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையை அவர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே செய்தி வந்துசேர்ந்த நேரத்தை நம்பக் கூடாது. அளந்த நேரம் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். எச்சரிக்கைச் செயலி அந்த நேரத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நிலுவை அளவுகளைத் தனி டாபிக்கில் அனுப்பி, புது அளவுகளுக்கு முன்னுரிமை தருவது இன்னும் நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம், செய்தி வராமல் இருப்பதைக் கவனிப்பது. ஓடை தன்னிடம் வந்ததை மட்டுமே சொல்லும், வராததைச் சொல்லாது. படிக்கும் செயலிக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கடிகாரம் ஓட வேண்டும். மழை நேரத்தில் ஒரு கருவியிலிருந்து அரை மணியாக ஒன்றும் வரவில்லை என்றால், அங்கே எல்லாம் நலம் என்று பொருளல்ல. மின்சாரம் போயிருக்கலாம், கோபுரம் விழுந்திருக்கலாம், கருவியே மூழ்கியிருக்கலாம். அந்த ஊருக்கு முதலில் ஆள் அனுப்ப வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம்.

சாவியும் சோதனையும்

வாடகை ஓடைக்குள் நுழைய முகவரியும், பயனர் சாவியும், ரகசியக் குறியும் வேண்டும். பேச்சு முழுவதும் டிஎல்எஸ் மறையாக்கத்தில் நடக்கும். ரகசியக் குறியை நிரலுக்குள் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி கொடுத்து, 'எழுதலாம், படிக்க முடியாது' என்று அனுமதியைச் சுருக்க வேண்டும். ஆற்றங்கரையில் இருக்கும் கருவி திருடுபோனால் அந்த ஒரு சாவியை ரத்து செய்தால் போதும். பொய்யான வெள்ள எச்சரிக்கையை யாரும் அனுப்ப முடியாதபடி தடுப்பதும் உண்மையான எச்சரிக்கையைக் கொண்டுசேர்ப்பதற்குச் சமமான கடமை.

கடைசியாகச் சோதனை. இணையம் நன்றாக இருக்கும் மேசையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது சோதனையாகாது. சிம்மைக் கழற்றி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் திடீரென நிறுத்த வேண்டும். படிக்கும் செயலியை நடுவழியில் கொன்று எழுப்ப வேண்டும். ஒரு வரிகூடத் தொலையாமல், ஒரு பழைய எச்சரிக்கைகூடப் போகாமல் இருந்தால்தான் வேலை முடிந்தது. காஃப்கா இலவச மென்பொருள் என்பதால் திருநெல்வேலி, தூத்துக்குடி பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு மடிக்கணினியிலேயே இத்தனையையும் செய்து பழகலாம். பிறகு முகவரியையும் சாவியையும் மாற்றினால் பெரும்பாலும் அதே செயலி வாடகை ஓடையோடும் பேசும்.

ஓடையை நடத்தும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். 2 நிமிடம் காத்திருந்தால் போதுமா, 2 நாள் காத்திருக்க வேண்டுமா என்ற முடிவை ஒப்படைக்க முடியாது. நூலகத்தோடு இயல்பாக வரும் எண்கள் எங்கோ ஒரு தரவு மையத்தை நினைத்து வைக்கப்பட்டவை. எந்தக் குளம் முதலில் உடையும், எந்தப் பாலம் முதலில் மூழ்கும், மழை வலுத்தால் எவ்வளவு நேரத்தில் சிக்னல் போகும் என்று ஏரலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு அந்த எண்களை மாற்றி எழுதுபவரே இந்தச் செயலியைச் சரியாக எழுதியவர்.