மார்கழிப் பனியும் திருவாதிரைக் களியும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் மார்கழி, தை ஆகிய இரு திங்களும் முன்பனிக் காலம் ஆகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, விடியற்பொழுதில் பனி இறங்கும் இம்மாதத்தில் திருக்கோயில்களில் திருவெம்பாவையும் திருப்பாவையும் ஒலிக்கின்றன. வைகறையிலேயே வாயிலில் சாணம் தெளித்து, அரிசி மாவால் கோலமிட்டு, நடுவே பூசணிப் பூ வைக்கும் இல்லங்களில், சமையற்கட்டிலும் அடுப்பு முன்னதாகவே எரியத் தொடங்குகிறது. நீராடி, குளிரில் நடுங்கியபடி கோயிலுக்குச் சென்று திரும்பும் சிறுவர்க்கும் முதியோர்க்கும் சூடான உணவு காத்திருக்க வேண்டும் அல்லவா?

வெண்பொங்கலின் பொருத்தம்

மார்கழிக் காலையின் முதன்மை உணவு வெண்பொங்கல் ஆகும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, நெய்யில் பொரிந்த மிளகும் சீரகமும், இஞ்சியும் பெருங்காயமும், கறிவேப்பிலையும் சேர்ந்தது அது. அரிசியில் குறைவாக உள்ள புரதச் சத்தைப் பருப்பு ஈடு செய்கிறது. நெய் சேர்வதால் நெடுநேரம் பசி தாங்குகிறது. மிளகும் இஞ்சியும் குளிர்ந்த உடலுக்கு வெம்மை தரும் என்பது வழிவழி வந்த வீட்டு அறிவு. பல்லில்லாத பாட்டியும் பால்குடி மறந்த குழந்தையும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்ணத்தக்கதாக இவ்வுணவு அமைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு.

மாதத்தின் 27ஆம் நாள் கூடாரவல்லி. நோன்பின் தொடக்கத்தில் நெய்யையும் பாலையும் துறந்த ஆயர் மகளிர், நோன்பு நிறைவில் பாலும் நெய்யும் பெருகிய சோற்றைக் கூடியிருந்து உண்பதாக ஆண்டாள் நாச்சியார் பாடுகின்றார். அதன் நினைவாக அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்த அக்காரவடிசில் அன்று திருமாலுக்கு நிவேதனம் செய்யப்படுகிறது.

சேந்தனார் படைத்த களி

சைவ இல்லங்களில் மார்கழியின் தலையாய உணவு திருவாதிரைக் களியே. இதன் வரலாறு சேந்தனாரோடு தொடர்புடையது. பட்டினத்தாரின் கணக்கராக இருந்த அவர், தம் தலைவர் துறவு பூண்டபின் அவருடைய செல்வத்தை ஏழை எளியோர் எடுத்துச் செல்லுமாறு திறந்துவிட்டார் என்றும், அதனால் சிறைப்பட்டு, பின்னர் விடுபட்டுத் தில்லை அருகே விறகு விற்று வாழ்ந்தார் என்றும் கூறுவர். நாள்தோறும் ஒரு சிவனடியாருக்கேனும் அமுது படைத்த பின்னரே தாம் உண்பது அவருடைய நியமம்.

ஒருநாள் பெருமழை. விறகு நனைந்தது; வாங்குவார் இல்லை. அரிசி வாங்கப் பொருள் இல்லாத நிலையில், இல்லத்தில் எஞ்சியிருந்த மாவைக் கிண்டிக் களியாக்கி அடியாரை எதிர்நோக்கி நின்றனர் சேந்தனாரும் அவர்தம் மனைவியாரும். தில்லைக் கூத்தனே முதியதோர் அடியாராக வந்து அக்களியை மகிழ்ந்துண்டு, எஞ்சியதையும் கேட்டு வாங்கிச் சென்றார். மறுநாள் காலை கருவறை திறந்தபோது அங்கே களி சிதறிக் கிடந்தது என்பது ஐதீகம். அத்தருணத்தில் ஓடாது நின்ற திருத்தேர், சேந்தனார் திருப்பல்லாண்டு பாடியதும் நகர்ந்தது என்றும் வரலாறு கூறும். 13 பாடல்கள் கொண்ட அத்திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது.

செய்முறையும் அதன் காரணமும்

பச்சரிசி 1 கிண்ணம், பாசிப்பருப்பு கால் கிண்ணம், பொடித்த வெல்லம் ஒன்றரைக் கிண்ணம், தேங்காய்த் துருவல் அரைக் கிண்ணம், நெய், ஏலக்காய், முந்திரி ஆகியன வேண்டும். அரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, ரவைப் பதத்தில் உடைத்துக்கொள்ள வேண்டும். வறுப்பதால் மணம் கூடுவதோடு, களி பசைபோல் ஒட்டாமல் உதிரியாக வரும். பாசிப்பருப்பைத் தனியே வறுத்து, இரண்டரை முதல் 3 கிண்ணம் நீரில் முக்கால் பதம் வேகவைத்துக்கொள்ள வேண்டும். வெல்லம் சேர்ந்த நீரில் பருப்பு எளிதில் மெத்தென்று ஆகாது. ஆகவேதான் பருப்பு முந்தியும் வெல்லம் பிந்தியும் சேர்கின்றன. பின்னர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, கொதி வந்ததும் அரிசி ரவையைத் தூவிக் கட்டி விழாமல் கிளற வேண்டும். தேங்காய் சேர்த்து, மூடி, சிறு தீயில் வேகவிட்டு, நெய்யில் வறுத்த முந்திரியும் ஏலப்பொடியும் கலந்து இறக்கினால் களி தயார்.

களிக்குத் துணை பல காய்க் குழம்பு. பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு ஆகியவற்றுள் கிடைப்பவற்றை 5, 7, 9 என ஒற்றைப்படையில் தேர்ந்து, துவரம்பருப்பும் புளியும் சேர்த்துச் சமைப்பர். ஏழு காய் சேர்க்கும் வழக்கமே பரவலானது. பச்சை மொச்சையும் அவரையும் கிழங்கு வகைகளும் மிகுதியாக விளையும் பருவம் இதுவே. இனிப்பான களியோடு புளிப்பும் காரமும் சேரும்போது உணவு திகட்டுவதில்லை.

அறுவடைக்கு முந்திய ஈகை

இங்கே எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சம்பா நெல் களத்துக்கு வருவது தைத் திங்களில்தான். அவ்விளைச்சலையே நம்பிய குடும்பங்களில் மார்கழி என்பது குதிரின் அடிமட்டம் தெரியும் மாதம். தைப்பொங்கல் விளைந்த பின் செலுத்தும் நன்றி. திருவாதிரைக் களியோ விளைச்சல் கைக்கு வருமுன், இருப்பதிலிருந்து எடுத்து வைக்கும் படையல். நிறைந்த பானையிலிருந்து கொடுப்பது எளிது. குறைந்த பானையிலிருந்து கொடுப்பதே சேந்தனார் காட்டிய நெறி.

அதனாலேயே இக்களி செய்த இல்லத்தோடு நிற்பதில்லை. நடராசப் பெருமானுக்குப் படைத்தபின், அண்டை வீட்டாருக்குக் கிண்ணங்களில் செல்கிறது. உறவினரை இழந்து அவ்வாண்டு பண்டிகை கொண்டாடாத இல்லங்களில் அடுப்பில் பலகாரம் ஏறுவதில்லை. அத்தகைய வீட்டாருக்கு அக்கம்பக்கத்தார் கொண்டு சென்று கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. துயருற்றோரிடம் சொல்லும் ஆறுதல் மொழி சில வேளைகளில் தடுமாறும். கையில் தரும் சூடான கிண்ணம் தடுமாறுவதில்லை. தனித்து வாழும் முதியோர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெற்றோர், விடுதியில் தங்கிப் பணிபுரியும் இளைஞர் எனக் களியை எதிர்நோக்குவோர் இன்று ஒவ்வொரு தெருவிலும் உள்ளனர்.

"திருவாதிரைக்கு ஒருவாய்க் களி" என்பது வழக்குமொழி. ஒருவாய் என்னும் அளவையும் கருத்தில் கொள்ளல் நன்று. வெல்லமும் இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தவே செய்யும். ஆகவே நீரிழிவு உடையோர் பிரசாதமாகச் சிறிதளவே கொள்வது தகும். பசியின் அளவறிந்து உண்பதையே திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் வலியுறுத்துகின்றார்.

மற்றொன்றும் சிந்திக்கற்பாலது. பனியில் எழுந்து கோலமிட்டு, நோன்பிருந்து, சமைத்து, பின் அலுவலுக்கும் செல்லும் மகளிரின் உழைப்பு சிறிதன்று. முதல்நாளே அரிசியை வறுத்து உடைத்து வைப்பதும், காய் நறுக்குவதும், தேங்காய் துருவுவதும் ஆடவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்ளத்தக்க பணிகள். சேந்தனார் இல்லத்தில் கணவனும் மனைவியும் கூடியே அடியாரை உபசரித்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

வரும் ஆருத்ரா தரிசனத்தன்று ஆடல்வல்லானைத் தரிசித்து, இல்லத்தில் களி படைக்கும் அன்பர்கள், தம் பங்கை உண்ணுமுன் ஒரு கிண்ணத்தைப் பிறர்க்கென எடுத்து வைப்பார்களாக. அக்கிண்ணத்தைப் பெறும் கைகளிலும் அம்பலவாணனே இருக்கின்றான் என்பது பெரியோர் கண்ட உண்மை.