இனிச் சாயாது இந்தப் புல்லட்

‘ஷோலே’ (1975) படத்தில் தர்மேந்திராவும் அமிதாப்பும் பாடிக்கொண்டே போகும்போது, சைடுகார் மட்டும் தனியாகக் கழன்று வேறு பாதையில் ஓடி, மறுபடி பைக்கோடு வந்து ஒட்டிக்கொள்ளும். சினிமா! நிஜத்தில் அதை ஒரு புல்லட்டோடு ஒழுங்காக ஒட்டவைப்பதற்குள் மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் தாவு தீர்ந்துவிடும்.

ஒரு காலத்தில் சைடுகார் குடும்பஸ்தர்களின் வாகனம். 1922-ல் இங்கிலாந்தின் பிளாக்பூல் ஊரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இருவர் சைடுகார் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் ஜாகுவார் ஆனது. நம் நாட்டிலும் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டியவர்கள் உண்டு. எண்பதுகளில் மாருதி வந்ததும் அது மெல்ல மறைந்தது. இப்போது சைடுகார் தேடுகிறவர்கள் வேறு ரகம். நாயோடு ஊர் சுற்ற நினைக்கிறவர்கள், முட்டிவலியால் பின்சீட்டில் ஏற முடியாத அம்மாவை அழைத்துப்போக நினைக்கிறவர்கள், பிறகு பழைய வண்டிப் பைத்தியங்கள்.

யாராக இருந்தாலும் முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம், கழற்றி மாட்டும் சைடுகாரையும் சேர்த்துத்தான் மோட்டார் சைக்கிளுக்கு வரையறை சொல்கிறது. அதைக் காட்டித் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்சூரன்ஸ் இரண்டிலும் எழுதிக் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதே உத்தமம்.

பழைய புல்லட்டாக இருந்தால் பாதி வேலை மிச்சம். புது மாடல்களுக்குத் தனியாக ஒரு துணை ஃபிரேம் செய்து, அதில்தான் சைடுகாரைப் பிடிக்க வேண்டும். ‘ஃபிரேமிலேயே நேரா வெல்டு வெச்சுடலாம் சார்’ என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிடிப்பு நான்கு இடத்தில் வேண்டும். கீழே உள்ள இரண்டும் பாரத்தைத் தாங்கும். மேலே உள்ள இரண்டும் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராடுகள். நம் ஊரில் சைடுகார் இடப்பக்கம் வருவதால் சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட வேண்டியதுதான். பழைய புல்லட்டில் பிரேக் பெடலும் இடது காலில்தான். முழுசாக மிதிக்கும்போது பெடலோ ஷூவோ எதிலும் இடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மாட்டியாயிற்று. உண்மையான வேலை இனிமேல்தான். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, ஓட்டுபவரை மேலே உட்காரவைக்க வேண்டும். பைக்கின் இரண்டு சக்கரங்களையும் ஒட்டி ஒரு நேர்ப்பலகை, சைடுகார் சக்கரத்தை ஒட்டி இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை முன்னாலும் பின்னாலும் டேப் வைத்து அளந்தால், முன்பக்கம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். சைடுகாரின் பாரம் வண்டியை எந்நேரமும் இடப்பக்கம் இழுக்கும். இந்தச் சிறிய கோணம்தான் அதை ஈடுகட்டுகிறது. கோணம் அதிகமானால் டயர் தேய்ந்தே தீர்ந்துவிடும்.

அடுத்தது சாய்வு. மேல் ராடுகளைத் திருகி, பைக்கை சைடுகாருக்கு எதிர்ப்புறமாக ஒரு டிகிரி அளவுக்குச் சாய்த்துவைப்பார்கள். நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிவதால் ஓடும்போது அது நிமிர்ந்துவிடும். சைடுகார் சக்கரமும் பின்சக்கரத்துக்கு நேராக இருக்கக் கூடாது, சற்று முன்னே தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் வேகமாக வலப்பக்கம் திரும்பும்போது முன்பக்கமாகக் குடைசாயப் பார்க்கும். ஓர் அளவை மாற்றினால் மற்றது கெடும் என்பதால், லாக் நட்டை இறுக்குவதும் தளர்த்துவதுமாகப் பொழுது போகும். இதில் அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர்களைப் பார்த்தால் எனக்கு மெக்கானிக்குகள் மேல்தான் பரிதாபம் வருகிறது.

பல வருஷம் பைக் ஓட்டிய கைதான் இதில் அதிகம் திணறும். வளைவில் வண்டியைச் சாய்த்துத் திரும்பிய பழக்கம் இங்கே செல்லாது. காரைப் போல ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும், அதுவும் தோள் வலிக்கிற அளவுக்கு. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சைடுகார் பின்தங்கி வண்டியை இடப்பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் அது முன்னே தள்ளி வலப்பக்கம் திருப்பும். வேகமாக இடப்பக்கம் திரும்பினால் காலி சைடுகார் தரையை விட்டு எழும்பும். அந்த நொடியில் பயந்து ஹேண்டிலை வலப்பக்கம் வெட்டினால் எதிரே வரும் லாரியின் பாதைக்குள் போய் நிற்பீர்கள். வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் வளைவுக்குள் நுழைய வேண்டும்.

அதனால் பழகுவது காலி மைதானத்தில்தான். சைடுகாருக்குள் ஒரு மணல் மூட்டையை ஏற்றி நகராமல் கட்டிவிட்டு, முதலில் இடப்பக்கமாக, பிறகு வலப்பக்கமாக எட்டுப் போட வேண்டும். கை பழகிய பிறகு பிடிப்புகளின் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கி, பலகை வைத்து மறுபடி அளந்து பார்த்துவிட்டு அம்மாவை ஏற்றிக்கொள்ளலாம். நாய்க்கு மட்டும் மறக்காமல் பெல்ட் போடுங்கள்; சிக்னலில் பூனையைப் பார்த்தால் அது குதித்துவிடும்.