பேரன் வாயில் போன விமானம்

என் கொழுந்தனாருக்குப் பழைய போர் விமானங்களின் உலோக மாடல்களைச் சேர்ப்பதில் அப்படி ஒரு ஆசை. போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மேஜை மேலிருந்த ஒன்றை என் ஒன்றரை வயதுப் பேரன் எடுத்து வாயில் வைத்துவிட்டான்!

"ஐயோ அண்ணி, பிடுங்குங்க!" என்று அலறினார் அவர். பொம்மைக்காகவா இந்த அலறல் என்று எனக்குக் கோபம். "பொம்மை போனாப் போவுது அண்ணி. அதுல இருக்கிற பெயிண்ட் விஷம்!" என்றார்.

பிறகு அதன் கதையைச் சொன்னார். அது 1940-ல் இங்கிலாந்தில் செய்த ஸ்பிட்ஃபயர் விமான பொம்மை. அந்த ஆண்டு ஜூலையில், விமானம் செய்ய அலுமினியம் தேவை என்று அங்கே வேண்டுகோள் விடுத்தார்கள். பெண்கள் தங்கள் சட்டி, வாணலிகளைக் கொண்டுவந்து குவித்தார்களாம். ஒரு விமானத்துக்கு 5,000 பவுன் என்று வைத்து, ஊர் ஊராக நிதியும் திரண்டது. அந்த நிதிக்காக லிவர்பூல் மெக்கானோ கம்பெனி, தன் டிங்கி ஸ்பிட்ஃபயரின் மூக்கில் ஒரு வளையம் கோத்து, பதக்கம் போல அணிய விற்றது. கேட்கும்போதே மனம் நெகிழ்ந்தது.

ஆனால், தாய்மார்களே, ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் காரீயம் கலப்பது சகஜம். (நாம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு.) உதிரும் பெயிண்ட் வயிற்றுக்குள் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது. வெளியே எதுவும் தெரியாது. இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். நாங்களும் டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, பயமில்லை என்றார்.

புது மாடல்களும் விளையாட்டுச் சாமான் அல்ல. குட்டிச் சக்கரமும் ஏரியல் கம்பியும் கழன்று தொண்டையில் சிக்கலாம்.

உங்கள் வீட்டிலும் இந்த ஆசை உள்ளவர்கள் இருந்தால்:

* பூட்டிய கண்ணாடி அலமாரியில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

* மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். சோப்பும் தண்ணீரும் வேண்டாம். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள்.

* ஈரமில்லாத இடமாக இருக்கட்டும். பழைய பொம்மைகளின் துத்தநாகக் கலவையில் காரீயம் சிறிது சேர்ந்திருந்தாலும் நாளடைவில் வெடித்துப் பொடிந்துவிடும். அதற்கு மருந்தில்லை.

கொழுந்தனார் மறுநாளே அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். பேரனுக்கு எப்போதும் போல என் சமையலறை டபராவும் கரண்டியும்தான்!