ஸ்பீக்கருக்கு ஒரு கூடு

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில் இருக்கிறது கோவிந்தாபுரம். இங்கே தமிழ்நாடு முடிகிறது. கேரளம் தொடங்குகிறது. மாங்காய்க் காலத்தில் முதலமடைப் பக்கம் போகும் வண்டிகள் பல இந்த வழியாகப் போகின்றன. வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பாட்டுதான் வழித்துணை.

வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“தம்பி, புது ஸ்பீக்கர் மாட்டினேன். பாட்டைவிடக் கதவு ஆடுகிற சத்தம்தான் அதிகமாகக் கேட்கிறது.”

“ஸ்பீக்கர் மேல் குற்றம் இல்லை அண்ணா. அது உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. ஃபைபரில் ஒரு கூடு செய்து மாட்டினால் சரியாகிவிடும்.”

பட்டறைக்காரர் சொல்வது சரியா? பார்ப்போம்.

கதவு ஏன் ஆடுகிறது?

தவில் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோல் அதிர்கிறது. கட்டை அசையாமல் நிற்கிறது. அதனால் நாதம் சுத்தமாக வருகிறது. ஸ்பீக்கரும் அப்படித்தான். அதன் நடுவில் உள்ள கூம்புதான் அதிர வேண்டும். அதைத் தாங்கும் பலகை அதிரக் கூடாது. கதவுத் தகரம் மெல்லியது. அது கூம்போடு சேர்ந்து ஆடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. முன் காற்றும் பின் காற்றும் இடுக்கு வழியாகக் கலந்தால் கனத்த ஒலி அடங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே இடுக்கு இல்லாத தடுப்பு வேண்டும்.

காரின் கதவு வளைந்து நெளிந்து இருக்கும். மரப்பலகை அந்த வளைவுக்குப் பொருந்தாது. ஃபைபர் எந்த வளைவுக்கும் பொருந்தும்.

ஃபைபர் என்றால் என்ன?

மண் சுவர் வைக்கும்போது மண்ணில் வைக்கோல் கலப்பார்கள். வெறும் மண் வெடிக்கும். வைக்கோல் அதைப் பிடித்துக்கொள்ளும். ஃபைபரும் இதே வித்தைதான். வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை. மண்ணுக்குப் பதில் ரெசின் என்னும் பசை.

இது புதிய பொருள் இல்லை. அமெரிக்காவில் 1953இல் கார்வெட் என்ற காரின் உடலையே ஃபைபரில் செய்தார்கள். நம் நாட்டில் 1982இல் பெங்களூரிலிருந்து டால்ஃபின் என்ற சிறிய ஃபைபர் கார் வந்தது. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இன்று மீனவர்கள் ஓட்டும் படகுகளில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள்.

கூடு செய்யும் முறை

முதலில் அளவு. கதவின் உள்அட்டையைக் கழற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரின் பின்னால் உள்ள காந்தம் அந்தக் கண்ணாடியில் இடிக்கக் கூடாது. சில புதிய கார்களில், விபத்தின்போது விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப் பை பக்கவாட்டிலும் இருக்கும். அது விரியும் வழியைக் கூடு மறைக்கக் கூடாது.

அடுத்து வளையம். நல்ல பிளைவுட் பலகையில் ஸ்பீக்கர் அளவுக்கு வட்டம் வெட்ட வேண்டும். ஓட்டுநரின் காதுப் பக்கம் சற்றுத் திரும்பும்படி கட்டை கொடுத்து அதை நிறுத்த வேண்டும்.

பிறகு துணி. வளையத்தின் மேலும் அடிப்பலகையின் மேலும் துணியை இழுத்துச் சுருக்கம் இல்லாமல் பின் அடிக்க வேண்டும். இழுத்தால் நீளும் துணி வேண்டும். திருப்பூர் பனியன் துணியே போதும். துணி எப்படி நிற்கிறதோ, அதுதான் கூட்டின் வடிவம்.

இப்போது ரெசின். துணி முழுவதும் ஊறும்படி பிரஷ்ஷால் தடவ வேண்டும். காய்ந்ததும் துணி ஓடு போல் விறைத்துவிடும். ஆனால் அதில் பலம் இல்லை. உள்பக்கம் கண்ணாடி இழைப் பாயைத் துண்டு துண்டாக வைத்து, ரெசின் தடவி ஒட்ட வேண்டும். மூன்று, நான்கு அடுக்கு வைக்கலாம். காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் பின்னால் உடையும். பிரஷ்ஷால் குத்திக் குமிழை வெளியேற்ற வேண்டும்.

கடைசியில் பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, ரெக்ஸின் ஒட்டலாம். பெயின்டும் அடிக்கலாம்.

அளவு தவறினால் ஆபத்து

ரெசின் தானாகக் கெட்டிப்படாது. அதற்கு ஹார்டனர் சேர்க்க வேண்டும். பொதுவாக 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் வரை போதும். சரியான அளவு டப்பாவின் மேல் எழுதியிருக்கும். குறைந்தால் பிசுபிசுப்பாகவே நிற்கும். கூடினால் சூடேறிப் புகையும், வெடித்துப் பிளக்கும்.

பாலக்காட்டு வெயில் நமக்குத் தெரியும். சில கோடைகளில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடும். காலையில், நிழலில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது.

சில ரெசினுக்குக் கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவமும் தேவைப்படும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகுதான் ஹார்டனர். கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும். வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியை இரண்டிலும் விடக் கூடாது. சில ரெசினில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும். அது நமக்கு எப்படித் தெரியும்? டப்பாவைப் படித்தால்தான் தெரியும்.

ஹார்டனர் தண்ணீர் போலவே இருக்கும். நிறம் இல்லை. அதைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்தால் குடல் வெந்துவிடும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மூச்சும் முக்கியம்

ரெசினிலிருந்து ஒரு காட்டமான வாடை வரும். அது ஸ்டைரீன் என்னும் ஆவி. தலை சுற்றும், கண் எரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல், இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இதைச் சேர்த்தது. கைக்குட்டை கட்டினால் இந்த ஆவி நிற்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கதவு, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் அரிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வாங்கப் பணம் ஆகும். ஆனால் பட்டறையில் தினமும் நிற்பது நம் வீட்டுப் பிள்ளைகள். கூலியோடு சேர்த்து இந்தச் செலவையும் கணக்கில் எழுதிவிட வேண்டும். வண்டிக்காரர் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார். பட்டறைப் பையன் ஆண்டு முழுவதும் அந்த ஆவியைச் சுவாசிப்பான்.

பாட்டுக்கும் அளவு உண்டு

நல்ல கூடு செய்தால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். அதுதான் கூட்டின் பயன். ஒலியை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் நாள்தோறும் 8 மணி நேரம் இருந்தால் காது கெடத் தொடங்கும். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும், தாங்கும் நேரம் பாதியாகக் குறையும். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் ஓட்டுநருக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

கதவு அட்டையை மாற்றுவது எளிய வேலைதான். அதற்கு எழுத்தும் வேண்டும், கணக்கும் வேண்டும். டப்பாவில் உள்ள எழுத்தைப் படிக்கிறவர் தம் கண்ணையும் காப்பார், பக்கத்தில் நிற்பவரையும் காப்பார்.

பேசுங்கள், எழுதுங்கள்

1. 100 கிராம் ரெசினுக்கு 2 கிராம் ஹார்டனர் என்றால் 250 கிராமுக்கு எவ்வளவு?

2. கோபால்ட், ஹார்டனர் இரண்டில் எதை முதலில் ரெசினில் கலக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கும் ஆபத்தான பொருள்கள் எவை? அவற்றின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.